கல்த்தபெல்லோத்தா: பெயரில் வாழும் வரலாறு

இத்தாலிய நாட்டின் தென்கோடியில் உள்ள ஸிஸிலித் தீவின் தென்மேற்குக் கரையில் ஷாக்கா என்னும் பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கிருந்து உள்நாடு நோக்கி வளைந்து ஏறும் பாதையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால், மூன்று கூரிய பாறைச் சிகரங்களின் மடியில் ஒடுங்கிக் கிடக்கும் சிற்றூர் ஒன்று கண்ணில் படும். கடல் மட்டத்திற்கு மேல் 949 மீட்டர் உயரம். குடியிருப்போர் நாலாயிரத்துக்கும் குறைவு. ஒலிவமும் ஆரஞ்சும் பயிரிட்டு வாழும் எளிய மக்கள். அவ்வூரின் பெயர் கல்த்தபெல்லோத்தா.

இப்பெயருக்கு இத்தாலிய மொழியில் பொருள் தேடினால் கிடைக்காது. அரபி கற்றவர் காதில் விழுந்தால் உடனே விளங்கிவிடும். ‘கல்அத்துல் பல்லூத்’ என்பதே அது. கல்ஆ என்றால் கோட்டை. பல்லூத் என்றால் ஓக் மரம். ஓக் மரங்களின் கோட்டை! நம் நாட்டில் முற்காலத்தில் கோட்டைத் தலைவனைக் கில்லேதார் என்றழைத்தார்களே, அச்சொல்லுக்கும் இந்தக் கல்ஆவே வேர்.

ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அம்மலையில் ஏறிய முஸ்லிம்கள் இட்ட பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. பெயரிட்ட சமுதாயமோ அங்கு இல்லை. தீவின் எந்த மூலையிலும் அதன் வழித்தோன்றல்கள் ஒரு சமுதாயமாக எஞ்சவில்லை. ஸ்பெயினின் வீழ்ச்சியைப் பற்றி நம்மவர் நிறையவே எழுதியிருக்கிறார்கள். படித்துக் கண்ணீரும் வடித்திருக்கிறோம். ஸிஸிலியின் கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. இந்தச் சிறிய மலையூரின் வரலாற்றினூடே அக்கதையைக் காண்பது பயனுடையது.

மூன்று நன்மைகளின் ஊர்

முஸ்லிம்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகள் முன்னதாகவே இம்மலை வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. ஊரை அடுத்த சரிவில் அக்காலத்தில் திரியோகலா என்னும் நகரம் இருந்தது. கிரேக்க மொழியில் ‘மூன்று நன்மைகள்’ என்பது அதன் பொருள். இனிய ஊற்று நீர், திராட்சையும் ஒலிவமும் செழிக்கும் நிலம், எவராலும் ஏறிப் பிடிக்க முடியாத பாறை ஆகியவையே அம்மூன்று என்று தியோதோரஸ் என்னும் பண்டைய வரலாற்றாசிரியர் விளக்குகிறார்.

கி.மு. 104ஆம் ஆண்டில் இத்தீவு உரோமரின் ஆட்சியில் இருந்தது. உரோமரின் கோதுமைப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான அடிமைகள் உழைத்து மடிந்தார்கள். அவர்களுள் சுதந்திரமாகப் பிறந்து அநியாயமாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கும்படி உரோமின் ஆட்சி மன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. தீவின் ஆளுநர் சுமார் எண்ணூறு பேரை விடுவித்தார். பண்ணை முதலாளிகள் முறையிட்டதும் விடுதலையை நிறுத்திவிட்டார். நியாயம் கிடைக்கும் என்று ஆசை காட்டிப் பின்னர் அதை மறுத்ததன் விளைவாகத் தீவெங்கும் கிளர்ச்சித் தீ மூண்டது.

அடிமைகளின் தலைவராக எழுந்த ஸால்வியஸ் என்பவர் திரியோகலாவைத் தம் தலைநகராக்கி, மதிலும் அரண்மனையும் மன்றமும் அமைத்தார். உரோமின் பெரும்படை வந்து முற்றுகையிட்டும் ஊரைப் பிடிக்க இயலாமல் திரும்பியது. நான்காண்டுப் போருக்குப் பின்னரே கிளர்ச்சி அடங்கியது. எஞ்சிய ஆயிரம் பேரை உரோமுக்குக் கொண்டு சென்று, மக்களின் வேடிக்கைக்காகக் கொடிய விலங்குகளோடு மோதவிட ஏற்பாடு செய்தார்கள். அந்த இழிவுக்கு உடன்பட மறுத்து, அவர்கள் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டு மடிந்தார்கள் என்பது வரலாறு. ஒடுக்கப்பட்டோர் புகலிடம் தேடி ஏறும் மலை என்னும் சிறப்பு இவ்வாறு அன்றே இதற்கு ஏற்பட்டுவிட்டது.

அமான் பெற்ற கோட்டை

கி.பி. 827 (ஹிஜ்ரி 212). ஸிஸிலி அப்போது கிழக்கு உரோமப் பேரரசின் கையில் இருந்தது. அப்பேரரசின் கடற்படைத் தலைவர்களுள் ஒருவரான யூஃபெமியஸ் தம் அரசரோடு பகைத்துக் கலகம் செய்தார். தோல்வியுற்றதும் கடல் கடந்து துனீஸியா நாட்டின் அக்லபீ அமீரிடம் உதவி கேட்டு வந்தார். அமீர் ஒரு படையைத் திரட்டினார். பத்தாயிரம் காலாட்களும் எழுநூறு குதிரை வீரர்களும் அதில் இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறும்.

அப்படைக்குத் தலைமை தாங்கியவர் போர்வீரர் அல்லர். மார்க்கச் சட்ட மேதை! கைரவான் நகரின் காழியாக விளங்கிய அஸத் இப்னு ஃபுராத் (ரஹ்) அவர்களே அவர். மதீனாவில் இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடமும், ஈராக்கில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் மாணவர்களிடமும் கல்வி பயின்றவர். முதுமையில் கடல் கடந்து மஸாரா துறையில் இறங்கினார். அடுத்த ஆண்டு ஸிரகூஸ் நகரின் முற்றுகைப் பாசறையிலேயே உயிர் நீத்தார்.

831இல் பலெர்மோ முஸ்லிம்களின் வசமாயிற்று. ஹிஜ்ரி 225ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 840ஐ ஒட்டி, தீவின் மேற்குப் பகுதியில் இருந்த சில கோட்டைகள் போரின்றி அமான் கோரிப் பணிந்தன என்று இப்னுல் அஸீர் குறித்திருக்கிறார். அவற்றுள் ஒன்று ‘ஹிஸ்னுல் பல்லூத்’. நம் கல்த்தபெல்லோத்தாதான் அது. தீவு முழுமையும் இவ்வாறு எளிதாக வசப்பட்டுவிடவில்லை. ஸிரகூஸ் 878இலும் தவோர்மினா 902இலும் கடும் போருக்குப் பின்னரே விழுந்தன. அங்கெல்லாம் இரத்தம் ஆறாக ஓடியது. அதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது.

அதன் பின்னர் தீவின் முகமே மாறியது. பெரும் பண்ணைகள் சிறு நிலங்களாகப் பிரிந்தன. நீரைத் தேக்கவும் வாய்க்காலில் ஓட்டவும் அரபு உழவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். நாரத்தை, எலுமிச்சை, கரும்பு, பருத்தி ஆகியன புதிதாக வேரூன்றின. 973இல் பலெர்மோவுக்கு வந்த பயணி இப்னு ஹவ்கல், அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் முந்நூறுக்கும் மேற்பட்ட பள்ளிவாசல்களைக் கண்டதாக எழுதியிருக்கிறார்.

உட்பகை

பதினோராம் நூற்றாண்டின் நடுவில் கல்பீ அமீர்களின் ஆட்சி தளர்ந்தது. ஊருக்கொரு தலைவன் தோன்றினான். கத்தானியாவும் ஸிரகூஸும் இப்னு துமனாவின் கையில். என்னா நகரும் அக்ரிஜெந்தோவும் இப்னுல் ஹவ்வாஸின் கையில். இப்னுல் ஹவ்வாஸின் தங்கை மைமூனா, இப்னு துமனாவின் மனைவி. ஒருநாள் மது மயக்கத்தில் மனைவியோடு சச்சரவிட்ட இப்னு துமனா, அப்பெண்மணியின் இரத்தக் குழாய்களை அறுக்கும்படி கட்டளையிட்டான். மகன் ஓடிவந்து தாயின் உயிரைக் காத்தான். பின்னர் தமையனைக் காணச் சென்ற மைமூனா திரும்பி வரவில்லை. தமையனும் அனுப்ப மறுத்தார். இதனால் போர் மூண்டது. தோற்றுப்போன இப்னு துமனா என்ன செய்தான்? கடல் கடந்து தென் இத்தாலியில் இருந்த நார்மன் தலைவர் ரோஜரிடம் ஓடி, தீவைப் பிடித்துத் தருவதாக அழைப்பு விடுத்தான்.

1061இல் நார்மன் படை மெஸ்ஸீனாவில் இறங்கியது. 1072இல் பலெர்மோ வீழ்ந்தது. 1091இல் நோத்தோ பணிந்ததோடு தீவு முழுவதும் நார்மன்கள் வசமாயிற்று. இப்னு துமனா தான் அழைத்து வந்தவர்களின் வெற்றியைக் காணவில்லை, 1062லேயே கொல்லப்பட்டான்.

வாசகர்கள் இங்கே ஒரு கணம் சிந்திக்க வேண்டும். முஸ்லிம்களைத் தீவுக்குள் அழைத்து வந்தவர், தம் அரசரோடு பகைத்த யூஃபெமியஸ். அதற்கு 234 ஆண்டுகள் கழித்து நார்மன்களை அழைத்து வந்தவன், தன் மைத்துனனோடு பகைத்த இப்னு துமனா. கோட்டை மதில்கள் இரு முறையும் உள்ளிருந்தே திறக்கப்பட்டன. உட்பகைக்கென்று வள்ளுவர் தனியோர் அதிகாரம் வகுத்தது காரணமின்றி அன்று.

அரசரின் அன்பும் குடிகளின் துன்பமும்

வெற்றியின் நன்றிக் காணிக்கையாக ரோஜர் 1090ஐ ஒட்டி எழுப்பியது என்று கூறப்படும் மாதா கோயில் இன்றும் கல்த்தபெல்லோத்தாவின் உச்சியில், கோட்டைப் பாறையின் அடியில் நிற்கிறது. அவருடைய மகனான மன்னர் இரண்டாம் ரோஜரின் அரசவையில் அரபு அறிஞர்கள் பெருமதிப்புப் பெற்றார்கள். புவியியல் மேதை அல்இத்ரீஸி அம்மன்னருக்காகவே வெள்ளித் தட்டில் உலகப் படம் வரைந்து, ‘நுஸ்ஹத்துல் முஷ்தாக்’ என்னும் பெருநூலை 1154இல் நிறைவு செய்தார். கல்அத்துல் பல்லூத்தும் அந்நூலில் இடம்பெற்றிருக்கிறது. உறுதிமிக்க மலைக்கோட்டை என்றும், மக்கள் கீழே ஷாக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டதால் காவலர் சிலரே அங்கு எஞ்சியிருக்கின்றனர் என்றும் அவர் எழுதுகிறார்.

அரசவையின் இந்தப் பெருமையை மட்டும் பார்த்து மயங்கிவிடலாகாது. முஸ்லிம் ஆட்சியில் கிறிஸ்தவர்கள் ஜிஸ்யா வரி செலுத்தி வந்தார்கள். நார்மன்கள் அவ்வரியை எடுத்துவிடவில்லை. அதே பெயரில் முஸ்லிம் குடியானவர்களிடமிருந்து வசூலித்தார்கள். மன்னரைச் சூழ்ந்திருந்தோருக்குப் பட்டாடை. நிலத்தில் உழைத்தோருக்கு வரிச்சுமை.

1184 டிசம்பரில், ஹஜ்ஜை நிறைவேற்றித் திரும்பிய ஸ்பெயின் நாட்டு அறிஞர் இப்னு ஜுபைர் ஏறி வந்த கப்பல் மெஸ்ஸீனா அருகே உடைந்தது. தீவில் சில மாதம் தங்கிய அவர் கண்டவற்றைத் தம் பயண நூலில் விரிவாகப் பதிந்தார். பலெர்மோவில் பள்ளிவாசல்களும் காழியும் இருந்தன. வெளிப்படையாக ஜும்ஆ குத்பா ஓதத்தான் அனுமதி இல்லை. அரண்மனைப் பணியாளர்கள் ஈமானை உள்ளத்தில் மறைத்து வாழ்ந்தார்கள். திராபானி நகரில் அவர் அறிந்த நிகழ்ச்சி நெஞ்சை உருக்குவது. அவ்வூர்ப் பிரமுகர் ஒருவர், இப்னு ஜுபைருடன் வந்த ஹாஜிகளுள் ஒருவரிடம் தம் கன்னி மகளை ஒப்படைத்து, ‘விரும்பினால் மணந்துகொள்க, இல்லையேல் உங்கள் ஊரில் தக்கவருக்கு மணமுடித்துக் கொடுங்கள், இந்நாட்டை விட்டு அவள் போய்விட்டால் போதும்’ என்னும் கருத்துப்பட வேண்டினாராம். பெற்ற மகளை அறியாத தேசத்துக்கு அனுப்பத் துணிந்த தந்தையின் மனநிலையே, அக்காலத்து ஸிஸிலி முஸ்லிம்களின் நிலையைச் சொல்லப் போதும்.

கோட்டையில் ஒளிந்த பாலகன்

1189இல் மன்னர் இரண்டாம் வில்லியம் வாரிசின்றி இறந்ததும் பலெர்மோவில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். உயிர் தப்பியோர் மேற்கு மலைகளில் அடைக்கலம் புகுந்தார்கள். அரியணைக்கான போட்டியில் முதலில் வென்ற தன்க்ரெத் 1194இல் இறந்தார். அவருடைய சிறு மகன் மூன்றாம் வில்லியம் அரசரானார். ஜெர்மானியப் பேரரசர் ஆறாம் ஹென்ரி படையெடுத்து வந்தபோது, விதவை அரசி ஸிபில்லா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கல்த்தபெல்லோத்தா கோட்டையில் ஒளிந்தார்.

நிலங்கள் தருவதாகவும் மானத்தோடு வாழவிடுவதாகவும் ஹென்ரி வாக்களித்தார். அதை நம்பி அரசி மலையிலிருந்து இறங்கினார். அவ்வாண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஹென்ரி பலெர்மோவில் முடி சூடினார். ஒரு சில நாள்களுக்குள் சதிக்குற்றம் சாட்டி அரசியையும் பிள்ளைகளையும் சிறைப்படுத்தி ஜெர்மனிக்கு அனுப்பினார். பாலகனான மன்னர் தாய்நாட்டுக்குத் திரும்பவே இல்லை.

ஹென்ரி முடி சூடிய மறுநாள் இத்தாலியின் யேஸி என்னும் ஊரில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அக்குழந்தையே பின்னர் புகழ்பெற்ற பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக். அரபு அறிவியலின் மீது பெருங்காதல் கொண்டவர் என்றும், எகிப்து சுல்தான் அல்காமிலோடு போரின்றி உடன்படிக்கை செய்துகொண்டவர் என்றும் அவரைப் போற்றுவதுண்டு. ஸிஸிலி முஸ்லிம்களுக்கு இறுதி அடி கொடுத்தவரும் அவரே. மலைகளில் கிளர்ந்தெழுந்த முஸ்லிம்களை 1220களில் தொடங்கி 1246 வரை படிப்படியாக அடக்கி, கடலுக்கு அப்பால் இத்தாலியப் பெருநிலத்தில் உள்ள லூச்சேரா என்னும் குன்றின்மேல் நகருக்கு நாடு கடத்தினார். அங்கே பதினையாயிரம் முதல் இருபதாயிரம் பேர் வரை வாழ்ந்ததாக ஆய்வாளர் மதிப்பிடுவர். பள்ளிவாசல் கட்டவும் தம் காழியின் கீழ் வாழவும் அவர்களுக்கு உரிமை இருந்தது. அவர்களில் வில்லாளிகள் பேரரசரின் படையில் பணிபுரிந்தார்கள்.

ஆனால், ஓர் அரசரின் தயவில் கிடைத்த பாதுகாப்பு, அவருடைய குலத்தின் ஆட்சி உள்ளவரைதான். 1266இல் ஆட்சி ஆஞ்சு வமிசத்தார் கைக்கு மாறியது. 1300 ஆகஸ்ட் மாதத்தில் மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆணைப்படி லூச்சேராவின் முஸ்லிம் குடியிருப்பு கலைக்கப்பட்டது. மக்கள் பிடிக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். பள்ளிவாசல் இருந்த இடத்தில் பெரிய மாதா கோயில் எழுந்தது. மன்னரின் கடன் சுமையும் அச்செயலுக்கு ஒரு காரணம் என்பர் ஆய்வாளர்.

1302 ஆகஸ்ட்

இரண்டே ஆண்டுகள் கழிந்தன. அதே சார்லஸின் குலத்தாருக்கும் ஸிஸிலியை ஆண்ட அரகான் வமிசத்தாருக்கும் இடையில் 1282 முதல் நடந்துவந்த போர், பிரெஞ்சுப் படை ஷாக்காவை முற்றுகையிட்டு நோயால் நலிந்த நிலையில் முடிவுக்கு வந்தது. இருதரப்பினரும் அமைதி உடன்படிக்கை செய்துகொண்ட இடம் எது தெரியுமா? கல்த்தபெல்லோத்தா! அரகான் இளவல் ஃபிரெடரிக் தம் ஆயுள் வரை தீவை ஆள்வது, சார்லஸின் மகள் எலியனோராவை மணப்பது, அவருக்குப் பின் தீவு ஆஞ்சு வமிசத்தாருக்குத் திரும்புவது என்பன நிபந்தனைகள். கடைசி நிபந்தனை நிறைவேறவில்லை. 1337இல் ஃபிரெடரிக் இறந்ததும் அவர் மகனே அரசரானார்.

ஐரோப்பிய வரலாற்று நூல்களில் இவ்வூரின் பெயர் இடம்பெறுவது இந்த உடன்படிக்கையினால்தான். ஸிஸிலி முஸ்லிம்களின் கடைசிக் குடியிருப்பை அழித்தவரின் பெயரோடு சேர்ந்து அந்த ஏட்டில் பதிவாகியிருப்பது, முஸ்லிம்கள் சூட்டிய அரபுப் பெயர். இதைவிட வியப்பு வேறென்ன வேண்டும்?

இன்று காண்பன

இன்று அங்குச் செல்வோர் முதலில் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிக் கோட்டைச் சிகரத்தை அடைகிறார்கள். கோட்டையில் எஞ்சியிருப்பது கூர்வளைவு வாயில் ஒன்றும் சில சுவர்த் துண்டுகளுமே. அங்கிருந்து நோக்கினால் ஒலிவத் தோப்புகளும், அவற்றுக்கப்பால் ஷாக்காவின் கடலும் விரிகின்றன. அக்கடலின் மறுகரை துனீஸியா.

கோட்டைக்குக் கீழே நார்மன் கோயில். ஊரின் மேற்கே பாறையைத் தழுவிக் கட்டிய ஸான் பெல்லெக்ரீனோ மடம். பிள்ளைகளைத் தின்றுவந்த பெரும் பாம்பை ஒரு துறவி கொன்று ஊரைக் காத்தார் என்னும் கதையை, மடத்தின் அடியிலுள்ள குகைகளைக் காட்டி மக்கள் சொல்வார்கள். பாறைகளில் ஆங்காங்கே குடைந்த கல்லறைகள், உரோமருக்கும் கிரேக்கருக்கும் முந்திய ஸிக்கானியர் காலத்தவை.

இத்தனைக்கும் இடையில் முஸ்லிம்களின் கட்டடம் ஏதேனும் தேடுவோர் ஏமாற்றம் அடைவார்கள். உழவரின் பேச்சைக் கேட்போர் ஏமாற மாட்டார்கள். ஸிஸிலியில் தோட்டத்து நீர்த்தொட்டி இன்றும் ‘ஜெப்பியா’, அரபியில் ஜாபியா. வாய்க்கால் ‘ஸாயா’, அரபியில் ஸாகியா. எள் ‘ஜுஜுலேனா’; அரபியில் ஜுல்ஜுலான். ஆரஞ்சுப் பூ ‘ஸாகரா’; அரபியில் ஸஹ்ர் என்றால் மலர். சுற்றுவட்டாரத்தின் புகழ்பெற்ற ஆரஞ்சுக் கனிக்கு இத்தாலியர் சொல்லும் பெயர் ‘அரான்ச்சா’. அரபியின் நாரஞ்ஜ், பாரசீகத்தின் நாரங், வடமொழியின் நாரங்கம் எனப் பின்னோக்கிச் சென்று, நம் தமிழ் நாரத்தையோடு உறவுகொள்ளும் சொல் அது என்பது மொழியாய்வாளர் கருத்து. தென்னாட்டுச் சொல் ஒன்று அரபு உழவனின் நாவில் ஏறி அந்த மலையடிவாரம் வரை சென்றிருக்கிறது.

இவ்வூர் மட்டுமன்று. கல்த்தனிஸ்ஸெத்தா, கல்த்தஜிரோனே, கலத்தாஃபீமி என ‘கல்ஆ’வைத் தாங்கிய ஊர்கள் தீவெங்கும் உள்ளன. மிஸில்மேரி என்பது ‘மன்ஸிலுல் அமீர்’. ஃபவாரா என்பது நீரூற்று. எத்னா எரிமலைக்கு மக்கள் இட்ட மறுபெயர் மோஞ்சிபெல்லோ; மலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் அரபுச் சொல்லான ‘ஜபல்’ என்பதும் அதில் ஒன்றாக இணைந்துவிட்டன.

வாளால் பெற்றதை வாளால் இழந்தார்கள். அரசரின் அன்பால் பெற்றதை அரசர் மாறியதும் இழந்தார்கள். ஏர் முனையாலும் வாய்க்கால் நீராலும் அந்த மண்ணுக்குக் கொடுத்ததை மட்டும் எவராலும் அவர்களிடமிருந்து பறிக்க முடியவில்லை. கல்த்தபெல்லோத்தாவின் உழவர் இன்றும் தம் ஊர்ப் பெயரைச் சொல்லும்போது, தாம் அறியாமலே அரபி பேசுகிறார்கள். மலையில் ஏறிய அந்த முன்னோர் விட்டுச் சென்ற அறக்கொடை அதுவே எனலாம்.